மலை இறங்கத் தெரிந்த பைக்: 18 வயதில் லைசனும் முதல் வண்டியும்

என் தங்கையின் மகனுக்கு 18 வயது நிறைந்த வாரத்திலேயே வீட்டில் பைக் பேச்சு தொடங்கிவிட்டது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு ஹட்டனில் கணக்கியல் வகுப்பொன்றில் சேர்ந்திருந்த அவன், நோர்வூட்டில் காலை பஸ்ஸைப் பிடிப்பதற்காகத் தோட்டத்திலிருந்து நான்கு கிலோமீற்றர் நடந்து வந்துகொண்டிருந்தான். மாலையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, அவனுடைய தாய் நாள் முழுவதும் கொழுந்து எடுத்துப் பெறும் சம்பளத்தில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தது. எந்த லைசன் எடுப்பது, யாரிடம் பழகுவது, எந்தப் பைக்கை வாங்குவது என்ற மூன்று கேள்விகள் எங்கள் முன் நின்றன. ஒன்பது ஆண்டுகளாக இதே ரோட்டில் ஸ்கூட்டரில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியை என்பதால், அவற்றை விசாரித்து முடிவு சொல்லும் பொறுப்பு பெரியம்மாவான என்னிடம் வந்தது. ஏழு மாதங்களில் வண்டி ஓட்டப் பழக்கும் இரண்டு லேனர்ஸ் நிலையங்களையும் பல பைக்குகளையும் பார்த்து, ஓட்டி, கேட்டு அறிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் மலையகப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

லைசனிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பலரும் பைக்கை வாங்கிய பிறகுதான் லைசனைப் பற்றி யோசிக்கிறார்கள். நம் இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டு வகுப்புகளாக இருக்கிறது. ஏ1 என்பது 100 சி.சி.க்கு மேற்படாத இயந்திரக் கொள்ளளவு கொண்ட வண்டிகளுக்கு மட்டும் உரியது. ஏ என்பது 100 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு உரியது, அதை வைத்திருப்பவர் சிறிய வண்டிகளையும் ஓட்டலாம். இரண்டுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை சின்னவன்தானே, சின்ன லைசன் போதும் என்று நினைத்து ஏ1 எடுத்துக்கொடுக்கும் பெற்றோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் தெரியாத செய்தி என்னவென்றால், நம் ஊர்ப் பிள்ளைகள் விரும்பி ஓட்டும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.யைத் தாண்டியவை. ஹொண்டா டியோ 109 சி.சி., டி.வி.எஸ். வீகோ 109.7 சி.சி., ஹீரோ பிளஷர் 102 சி.சி. பார்ப்பதற்குச் சிறிதாக இருக்கும் இந்த வண்டிகளில் ஒன்றைக்கூட ஏ1 லைசனுடன் சட்டப்படி ஓட்ட முடியாது. டி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சி.சி. என்பதால் அதை ஓட்டலாம்; கியர் வண்டிகளில் பழைய பஜாஜ் சி.டி. 100 வண்டியின் இயந்திரம் 99.27 சி.சி., ஹீரோ ஸ்பிளெண்டர் 97.2 சி.சி. என்பதால் அவையும் எல்லைக்குள் நிற்கின்றன. அதே சி.டி. 100 பெயரில் பின்னர் வந்த வண்டியின் இயந்திரம் 102 சி.சி. ஆகிவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாமல், பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இயந்திரக் கொள்ளளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உரிய வகுப்பில் லைசன் இல்லாமல் ஓட்டுவது, லைசன் இல்லாமல் ஓட்டுவதாகவே கொள்ளப்படும். அதற்கான தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து நேரத்தில் வருகிறது: மோதுண்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பனி பணம் கொடுக்க மறுத்தால், அந்தக் கடன் லயத்து வீட்டின் தலையில் இறங்கும். ஆகவே என் தீர்ப்பு தெளிவானது. முதல் தடவையிலேயே ஏ வகுப்புக்கு விண்ணப்பியுங்கள்.

இந்த விஷயத்தில்தான் நாங்கள் முதலில் போன லேனர்ஸ் நிலையம் எங்களை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. டவுனில் நல்ல இடத்தில், கண்ணாடிக் கதவுடன் இருந்த அந்த நிலையத்தில், படிவத்தைத் தாங்களே நிரப்பித் தருவதாகச் சொல்லி பிள்ளையின் கையெழுத்தை மட்டும் வாங்கினார்கள். படிவம் சிங்களத்தில் நிரப்பப்பட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிரதியை நான் எழுத்துக்கூட்டி வாசித்தபோது, எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஏ1 என்று குறிக்கப்பட்டிருப்பதையும், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் அதில் எழுதிய பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபட்டிருப்பதையும் கண்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் எழுத்து எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது நமக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, லைசனில் இன்னொன்று என்று வந்துவிட்டால், பிறகு வேலைக்கும் வங்கிக்கும் சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டும். அதற்கு மேலாக, அங்கே பயிற்சி என்பது சமதரையான ஒரு மைதானத்தில் எட்டு போடுவதோடு முடிந்துவிட்டது. மூன்று நாட்கள், நாளுக்கு இருபது நிமிடம். ஒரு நாளாவது பிள்ளையை ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லவில்லை. நாங்கள் கட்டிய முற்பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

இரண்டாவதாகப் போன இடம் ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கும் சிறிய நிலையம். மேசை ஒன்று, கதிரை நான்கு, வாசலில் பழைய 125 சி.சி. பைக் ஒன்று. அங்கே பழக்கியவர் முன்னாள் பஸ் சாரதி. முதல் நாளே பிள்ளையிடம், "தம்பி, எட்டு போடுறது ட்ரயலுக்கு. இந்த ரோட்டுல உசுரோட இருக்கிறதுக்கு வேற பழகணும்" என்று சொல்லி, டிக்கோயாப் பக்கத்து ஏற்றம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின் பிரேக்கை மிதித்தபடி கிளச்சைப் பாதி விட்டு, வண்டி ஒரு அங்குலமும் பின்னால் நகராமல் புறப்படுவதை அன்று மட்டும் முப்பது தடவையாவது செய்யவைத்தார். மறுநாள் அதே ரோட்டில் இரண்டாம் கியரில் பிரேக்கைத் தொடாமல் இறங்கப் பழக்கினார். முதல் இடத்தைவிட அவர் வாங்கிய பணம் சற்றுக் கூடுதல். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அது தகும் என்பதை மனதாரச் சொல்கிறேன். லேனர்ஸ் நிலையத்தைத் தெரிவு செய்யும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், "ஏற்றத்தில் பழக்குவீர்களா, எந்த சி.சி. வண்டியில் பழக்குவீர்கள்?" என்று கேளுங்கள், தடுமாறாமல் பதில் வருகிற இடத்துக்குப் போங்கள்.

பரீட்சை நடைமுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். எழுத்துப் பரீட்சை தமிழிலும் எழுதலாம். 40 வினாக்களில் 30க்குச் சரியான விடை எழுதினால் சித்தி. வினாக்களின் தமிழ் எழுத்துத் தமிழ் என்பதால், பாதசாரிக் கடவை, சுற்றுவட்டம், முந்திச்செல்லல், வழிவிடும் உரிமை போன்ற சொற்களை முன்கூட்டியே வாசித்துப் பழக்கினேன். ஒடுக்கமான மலைப்பாதையில் இறங்கி வரும் வாகனம் ஏறிவரும் வாகனத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற விதியை அவன் அந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக அறிந்தான். கொழுந்து லொறிக்கு முன்னால் நாள்தோறும் தேவைப்படும் விதி அது. எழுத்துப் பரீட்சைக்கும் ட்ரயல் என்னும் ஓட்டுப் பரீட்சைக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இடைவெளியை நாங்கள் பைக் பார்ப்பதில் செலவழித்தோம்.

பைக்கைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "மலை ஏறுமா?" என்பதுதான். ஏற்றம் முக்கியம்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் சாதாரண பைக் இயந்திரம் கடற்கரையில் தரும் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. பலம் போதாத வண்டி ஏற்றத்தில் திணறும், அவ்வளவுதான். திணறினால் கியரைக் குறைக்கலாம், பின்னால் இருப்பவரை இறக்கி நடக்கவிடலாம், ஓரத்தில் நிறுத்தலாம். இறக்கத்தில் நிற்காத வண்டிக்கு இப்படி எந்த வழியும் இல்லை. ஒரு 18 வயதுப் பிள்ளையின் முதல் பைக்கை, அது எப்படி இறங்குகிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

இந்தப் பாடம் எனக்கு என்னுடைய ஸ்கூட்டரில்தான் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியாவில் ஒரு கருத்தரங்கை முடித்துக்கொண்டு, சக ஆசிரியை ஒருவரைப் பின்னால் ஏற்றி, லபுக்கலை வழியாக இறம்பொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில், ஒரு கட்டத்தில் துணி கருகுவது போன்ற வாடை வந்தது. அடுத்த வளைவில் இடதுகைப் பிரேக் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போயிற்று, வண்டியின் வேகமோ குறையவில்லை. முன் பிரேக்கையும் சேர்த்து இறுக்கி, மரக்கறிக் கடை ஒன்றின் முன்னால் இருந்த மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். போத்தலில் இருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனபோது கடைக்காரர் ஓடிவந்து, "ஊத்திராதீங்க டீச்சர், இந்தச் சூட்டுல டிரம் வெடிச்சிரும். அரை மணித்தியாலம் சும்மா நிக்கட்டும்" என்று தடுத்தார். சக்கரத்தின் நடுவே கையைக் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது.

இது எந்த ஒரு கம்பனி வண்டியின் குறையும் அன்று. ஸ்கூட்டரில் பெல்ட்டும் தானியங்கிக் கிளச்சும் இருப்பதால், வேகம் குறைந்தவுடன் இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு விடுபட்டுவிடுகிறது. அதன் பிறகு வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டும்தான். கியர் வண்டியில் இரண்டாம் கியரைப் போட்டு அக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், இயந்திரமே சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் இளைப்பாறுகிறது. கினிகத்தேனை இறக்கத்திலோ இறம்பொடையிலோ இது மிகப் பெரிய வேறுபாடு. டவுனுக்குள் மட்டும் போய்வருபவருக்கும், சேலை கட்டி ஓட்ட வேண்டியவருக்கும் ஸ்கூட்டரைப் போல வசதியான வண்டி வேறில்லை. நானும் அதைத்தான் இன்றும் ஓட்டுகிறேன், நீண்ட இறக்கங்களில் இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு. ஆனால் இன்னும் நிதானம் வராத வயதில், தோட்டத்து ரோட்டில் ஓட்டப்போகும் பிள்ளைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அங்குலம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மழைக்குப் பிறகு கல் பெயர்ந்து கிடக்கும் ரோட்டில் அந்தச் சிறிய சக்கரம் குழிக்குள் முழுவதுமாக இறங்கிவிடுகிறது. 17 அங்குலச் சக்கரம் அதே குழியைக் கடந்துபோகிறது.

பிள்ளை முதலில் ஆசைப்பட்டது பல்சர் 150 வண்டிக்கு. அவனுடைய நண்பர்கள் இருவர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பிரேக்கும் உறுதியானது. ஆனால் எடை 140 கிலோவுக்கு மேல். 52 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை, ஈரமான சரிவில் கால் ஊன்றி அதைத் திருப்ப முடியாமல் இரண்டு தடவை சாய்த்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஆசையை நாங்கள் திட்டி அடக்கவில்லை. வண்டியைத் தள்ளித் திருப்பிப் பார்த்த பிறகு அவனாகவே, "கொஞ்ச நாள் போகட்டும் பெரியம்மா" என்றான்.

சி.டி. 100 எங்கள் பட்டியலில் மிக நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது. தோட்டங்களில் பால் கொண்டுபோகிறவர்கள், தபால்காரர்கள், வெளிக்கள உத்தியோகத்தர்கள் எல்லோரும் அதை ஓட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எடை குறைவு, எந்தச் சிறிய கராஜிலும் திருத்தலாம், உதிரிப்பாகம் ஹட்டனில் மட்டுமல்ல பொகவந்தலாவையிலும் கிடைக்கும். வீட்டின் அவசரத்துக்கு வேறு யார் எடுத்து ஓட்டினாலும் முகம் சுளிக்காத வண்டி. கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இன்றும் அதுவே. இரண்டு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் என்பதும், இருவர் ஏறி நான்காம் கியரில் ஏற்றம் பிடிக்காது என்பதும் மட்டுமே அதன் எல்லைகள். நாங்கள் கடைசியில் வாங்கியது முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு டிஸ்கவர் 125. அதன் இயந்திரம் 124.6 சி.சி.; மூன்றாம் கியரில் இருவரை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஏற்றத்தைப் பிடிக்கிறது, இரண்டாம் கியரில் இறக்கத்தில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது, சரிந்தாலும் பிள்ளையால் தனியாகத் தூக்கி நிறுத்த முடிகிறது.

புதிய வண்டி வாங்கவில்லையா என்று பலர் கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பழைய பைக்குகள் புதிதாக விற்ற விலையைத் தாண்டிப் போன காலத்தை நாம் எல்லோரும் கண்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், புதிய பைக்கை லீசிங்கில் எடுத்து, மாதாமாதம் தவணை கட்டுவதற்கு நாட்சம்பளக் குடும்பம் தாங்காது. பழகும் காலத்தில் வண்டி இரண்டு தடவையாவது கீழே விழும் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே ஆறேழு வருடம் பழைய, ஒரே கையில் ஓடிய வண்டி ஒன்றைத் தேடினோம்.

பழைய வண்டி பார்க்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொட்டகலையில் ஒருவர் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போனபோது, வண்டி வாசலில் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. விலை பேசுவதற்கு முன் நான் இயந்திரத்தின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார். மலையகக் குளிரில் ஒரு பைக்கின் உண்மையான நிலை, இரவு முழுவதும் நின்ற பிறகு விடியற்காலையில் எத்தனை உதையில் எழும்புகிறது என்பதில்தான் தெரியும். மறுநாள் சொல்லாமல் ஆறரை மணிக்குப் போனோம். சோக் இழுத்து பதினைந்து தடவை உதைத்த பிறகு கறுப்புப் புகையுடன் எழும்பியது. அங்கிருந்து திரும்பிவிட்டோம். பிறகு வாங்கிய வண்டி, அதே குளிரில் மூன்றாவது உதையில் எழும்பியது. முன் போர்க்குகளில் எண்ணெய் கசிவு இருக்கிறதா, செயின் பற்சக்கரம் கூராகத் தேய்ந்திருக்கிறதா, கையை விட்டால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பவற்றை எங்கள் கராஜ்காரர் பார்த்தார். செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் நானே துணியால் துடைத்துப் பதிவுப் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். "ஒப்பன் பேப்பரில்" வண்டி வாங்காதீர்கள். விற்பவர் திகதி போடாமல் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த வண்டி சட்டத்தின் முன் உங்களுடையது அன்று. இடையில் கையெழுத்திட்டவர் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்றவே முடியாமல் போகும். பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகே காசைக் கொடுங்கள். நாங்கள் பெயர் மாற்றத்துக்காக இரண்டு நாள் அலைந்தோம், அந்த அலைச்சல் தேவையானதுதான்.

வண்டியின் விலையோடு தலைக்கவசத்தையும் மழைக்கோட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். எஸ்.எல்.எஸ். தர முத்திரை உள்ளதாக இரண்டு வாங்கினோம். மழைக்கோட்டு மேல் கீழ் இரண்டாகப் பிரிந்ததாக இருக்க வேண்டும். போர்வை போல் தொங்குவது காற்றில் முகத்தை மூடும், செயினிலும் மாட்டும்.

பிள்ளை ஐந்து மாதமாக ஓட்டுகிறான். எங்கள் கணக்கில் தோட்டத்து ரோட்டையும் சேர்த்து ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் வரை கிடைக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். முறையில் ஒரு பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் கொடுத்த காலத்தில், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, சிலர் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு இறங்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது, இளையவர்களும் அவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள். அவனுடைய நண்பன் ஒருவன் அப்படி இறங்கி, டிக்கோயாப் பாலத்துக்கு மேலே உள்ள வளைவில் கால்வாய்க்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அன்று மாலை வீட்டுக்கு வந்த பிள்ளை, நான் கேட்காமலே, "நான் செகண்ட்லதான் வந்தேன் பெரியம்மா" என்றான்.

குறை ஒன்று உண்டு. வண்டியோடு வந்த ஹெட்லைட் மூடுபனிக்குப் போதவில்லை, ஆறு மணிக்குப் பிறகு கார்ட் ரோடு எனப்படும் பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் வளைவு தெரிவதே இல்லை. மஞ்சள் நிறப் பனிவிளக்கு ஒன்றைத் தாழ்வாகப் பொருத்துவதற்குக் கராஜ்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை அவன் ஐந்தரை மணிக்கு முன் ஹட்டனிலிருந்து புறப்படுகிறான்.